வாசிப்பது நீங்களா, கீ போர்டா?

கீ போர்டு என்றவுடன் நம் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது ஏ, எஸ், டி, எப் என்று எழுத்துகள் அச்சிட்ட கீ போர்டுதான். இந்தக் கட்டுரை இன்னொரு கீ போர்டைப் பற்றியது. வெள்ளையும் கறுப்புமாகக் கட்டைகள் கொண்ட இசை கீ போர்டு இன்று பல வீடுகளில் இருக்கிறது. அதில் பெரும்பாலானவை எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் பீரோவின் மேல், அட்டைப் பெட்டிக்குள்தான். வாங்கிய முதல் வாரம் வீடே அதைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். டெமோ பட்டனை அழுத்தினால் ஒரு இசைக் குழுவே வாசிக்கும். ரிதம் பட்டனைத் தட்டி ஒரு விரலால் கட்டையைத் தொட்டால் டிரம்ஸும் பேஸ் கிடாரும் சேர்ந்து வரும். மூன்றாவது மாதம் குழந்தைக்கு அலுத்துவிடும். பெற்றோருக்குக் கொடுத்த பணம் உறுத்தும்.

இதற்குக் காரணம் குழந்தைக்கு ஆர்வம் இல்லாதது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கருவி நமக்காகத் தானே வாசித்துவிடும் திறன் கொண்டது. எந்த வசதி நமக்குக் கற்றுத் தருகிறது, எந்த வசதி நமக்குப் பதிலாக வாசிக்கிறது என்று தெரிந்து பயன்படுத்தினால் பெட்டிக்குள் போன கீ போர்டு மீண்டும் மேஜைக்கு வந்துவிடும். அருகில் ஒரு கம்ப்யூட்டரும் இருந்தால் இன்னும் நல்லது. அதை எப்படிச் செய்வது என்று இங்கு பார்க்கலாம்.

உள்ளே இருப்பதும் கம்ப்யூட்டர்தான்

எலக்ட்ரானிக் கீ போர்டினுள் கம்பியோ சுத்தியலோ கிடையாது. ஒரு பிராசசர், ஒலி மாதிரிகள் பதிந்த மெமரி சிப், ஒரு சிறிய ஆம்ப்ளிபயர், ஸ்பீக்கர் ஆகியவைதான் உள்ளன. நீங்கள் ஒரு கட்டையை அழுத்தும்போது, எந்தக் கட்டை என்பதைப் பிராசசர் கண்டறிந்து, அதற்குரிய ஒலியை மெமரியிலிருந்து எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. வீணை, புல்லாங்குழல், பியானோ என வாய்ஸை மாற்றுவது எல்லாம் மெமரியில் வேறு இடத்திலிருந்து ஒலியை எடுப்பதுதான்.

கட்டையை மெல்ல அழுத்தினால் மெல்லவும், வேகமாக அழுத்தினால் பலமாகவும் ஒலிப்பதை டச் சென்சிடிவிடி என்கிறோம். இது எப்படி வேலை செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பரால் மூடிய இரண்டு சுவிட்சுகள் உள்ளன. கட்டை கீழே இறங்கும்போது ஒன்று முதலிலும் மற்றொன்று சற்றுப் பின்னரும் அழுந்தும். இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தைப் பிராசசர் அளக்கிறது. இடைவெளி குறைவு என்றால் நீங்கள் வேகமாக அடித்திருக்கிறீர்கள். எனவே ஒலி கூடும். கட்டையின் மேல் பலத்தை எவ்வளவு வைத்து அழுத்தினாலும் பயன் இல்லை. வேகம்தான் கணக்கு. அழுத்தி அழுத்தி வாசித்து மணிக்கட்டு வலிக்கிறது என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வாங்கும் முன்

புதிதாக வாங்குபவர்கள் வாய்ஸ்களின் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். 400 வாய்ஸ் என்றாலும் 800 வாய்ஸ் என்றாலும் நீங்கள் தினமும் பயன்படுத்தப் போவது பத்துக்கும் குறைவாகவே இருக்கும். கவனிக்க வேண்டியவை இவை.

1. கட்டைகள் 61 இருக்க வேண்டும். இது ஐந்து ஸ்தாயிகள். பியானோவில் 88 கட்டைகள் இருந்தாலும், வீட்டில் பயிற்சி பெறுவோருக்கு முதல் சில ஆண்டுகள் 61 போதும்.

2. கட்டைகள் முழு அளவில் இருக்க வேண்டும். மினி கீ எனப்படும் சிறிய கட்டைகளில் பழகிய விரல்கள், பெரிய கருவியில் உட்காரும்போது தடுமாறும்.

3. டச் சென்சிடிவிடி இருக்க வேண்டும். பியானோ என்ற பெயரே மெல்லவும் பலமாகவும் ஒலிக்கும் கருவி என்ற பொருள் தரும் பியானோபோர்ட்டே என்ற சொல்லின் சுருக்கம்தான். இந்த வசதி இல்லாத கருவியில் எவ்வளவு பழகினாலும் விரலுக்கு ஏற்றஇறக்கம் வராது.

4. பாலிபனி 32க்குக் குறையக்கூடாது. ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் கேட்கும் என்பதுதான் இந்த எண். நமக்குப் பத்து விரல்தானே என்று கேட்கலாம். ரிதமும் ஒலிக்கும், பெடலை மிதித்தால் முன்னே வாசித்த ஸ்வரங்களும் ஒலித்துக் கொண்டிருக்கும். எண்ணிக்கை தீர்ந்ததும் பழைய ஸ்வரங்கள் பட்டென்று அறுபடும்.

5. யு.எஸ்.பி. போர்ட், பெடல் ஜாக், ஹெட்போன் ஜாக், மெட்ரோனோம் ஆகியவை இருக்க வேண்டும். ஹெட்போன் இருந்தால் இரவு பத்து மணிக்கும் அடுத்த வீட்டாரின் தூக்கம் கெடாமல் பழகலாம்.

முதலில் சி எங்கே?

கறுப்புக் கட்டைகள் இரண்டு இரண்டாகவும் மூன்று மூன்றாகவும் அடுக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். இரண்டு கறுப்புக் கட்டைகள் உள்ள தொகுப்பின் இடது பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை சி. மூன்று கறுப்புக் கட்டைகள் உள்ள தொகுப்பின் இடது பக்கம் ஒட்டியுள்ளது எப். இந்த இரண்டையும் கண்டுபிடிக்கத் தெரிந்தால் மற்றவை தாமே வந்துவிடும். 61 கட்டைகள் உள்ள கீ போர்டில் இடது ஓரத்திலிருந்து மூன்றாவதாக வரும் சி தான் நடு சி. கட்டைகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி எழுத்துகளை எழுத வேண்டாம். ஒட்டினால் கண் எழுத்தைத்தான் தேடும். கறுப்புக் கட்டைகளின் அமைப்பைப் பார்க்கவே பார்க்காது.

பாடகர்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டை என்று சுருதியைச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதுவும் இந்த வெள்ளைக் கட்டைகளின் வரிசைதான். ஒரு கட்டை என்றால் சி. இரண்டு கட்டை டி. ஐந்து கட்டை ஜி. ஐந்தரைக் கட்டை என்றால் ஜி-க்கும் ஏ-க்கும் இடையே உள்ள கறுப்புக் கட்டை, அதாவது ஜி ஷார்ப்.

இரண்டு ராகம், ஒரே விரல் வரிசை

கட்டை விரல் 1, ஆள்காட்டி விரல் 2, நடுவிரல் 3, மோதிர விரல் 4, சுண்டு விரல் 5. இரண்டு கைகளுக்கும் இதே எண்கள்தான். ஒரு விரலால் தேடித் தேடிச் சினிமாப் பாட்டு வாசிப்பவர்கள் ஓராண்டு கழித்தும் அதே வேகத்தில் நிற்பதற்குக் காரணம் இந்த எண்களைப் பழகாததுதான்.

நடு சி-யிலிருந்து மேல் சி வரை எட்டு வெள்ளைக் கட்டைகள். விரல்கள் ஐந்துதான். எனவே வலது கையால் 1, 2, 3 என்று சி, டி, இ வாசித்ததும், நடுவிரலின் அடியில் கட்டை விரலை நுழைத்து எப்-பை வாசிக்க வேண்டும். பின்னர் 2, 3, 4, 5 என்று மேல் சி வரை செல்லலாம். அதாவது 1 2 3 1 2 3 4 5. இடது கைக்கு மேலே செல்லும்போது 5 4 3 2 1 3 2 1. மேற்கத்திய இசையில் இது சி மேஜர். கர்நாடக இசையில் இதே ஸ்வரங்கள்தான் 29ஆவது மேளமான சங்கராபரணம்.

நம் ஊரில் பாடம் தொடங்குவது 15ஆவது மேளமான மாயாமாளவகௌளையில். இதற்கு சி, சி ஷார்ப், இ, எப், ஜி, ஜி ஷார்ப், பி, மேல் சி என வாசிக்க வேண்டும். இரண்டு கறுப்புக் கட்டைகள் வருவதால் விரல் வரிசை மாறும் என்று பலர் நினைக்கின்றனர். மாற வேண்டியதில்லை. அதே 1 2 3 1 2 3 4 5 இதற்கும் சரியாகப் பொருந்தும். சரளி வரிசையைப் பாட்டு வகுப்பில் கற்ற குழந்தை, கீ போர்டில் அதையே வாசித்துத் தொடங்கலாம். காதுக்கு ஏற்கெனவே தெரிந்த பாடம் என்பதால் தவறு வந்தால் தானே கண்டுபிடித்துவிடும்.

இடது கைக்கு கார்டு

மூன்று ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பதை கார்டு என்கிறோம். இதில் மனப்பாடம் செய்ய அதிகம் இல்லை. எண்ணத் தெரிந்தால் போதும். ஏதாவது ஒரு கட்டையில் தொடங்கி, கறுப்பையும் சேர்த்து எண்ணி, நான்காவது கட்டை, அதிலிருந்து மூன்றாவது கட்டை ஆகியவற்றைச் சேர்த்து அழுத்தினால் மேஜர் கார்டு. முதலில் மூன்று, பின்னர் நான்கு என்று எண்ணினால் மைனர் கார்டு. சி-யில் தொடங்கினால் மேஜருக்கு சி, இ, ஜி. எப்-பில் தொடங்கினால் எப், ஏ, சி. ஜி-யில் தொடங்கினால் ஜி, பி, டி. இந்த மூன்று கார்டுகளையும் தடுமாறாமல் மாற்றத் தெரிந்தவர் பல எளிய பாடல்களுக்குத் துணை வாசித்துவிடலாம்.

நமக்குப் பதிலாக வாசிக்கும் பட்டன்கள்

இப்போது முக்கியமான விஷயத்திற்கு வருவோம்.

முதலாவது, ஸ்டைல் அல்லது ரிதம் எனப்படும் ஆட்டோ அக்கம்பனிமென்ட். இடது பக்கம் ஒரு விரலை வைத்தாலே முழு கார்டும் டிரம்ஸும் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கே தாளத்தை வைத்துக் கொண்டிருப்பது மெஷின். உங்கள் வலது கை சற்று முந்தினாலும் பிந்தினாலும் டிரம்ஸ் சத்தத்தில் அது மறைந்துவிடும். இதை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. லண்டன் டிரினிடி காலேஜ் நடத்தும் கிரேடு தேர்வுகளில் எலக்ட்ரானிக் கீ போர்டு என்பது பியானோவிலிருந்து வேறான தனிப் பாடமாகவே உள்ளது. அதில் ஸ்டைலையும் வாய்ஸையும் பொருத்தமாகக் கையாள்வதும் ஒரு திறமைதான். முதலில் மெட்ரோனோமின் டிக் டிக் ஒலியோடு மட்டும் பாட்டை முழுவதும் வாசித்துப் பழகிய பிறகு ஸ்டைலைப் போட வேண்டும். வரிசை மாறினால்தான் பிரச்னை.

இரண்டாவது, கட்டைகளில் விளக்கு எரியும் வசதி. விளக்கு எரிந்த கட்டையை அழுத்திக் கொண்டே சென்றால் பாட்டு வந்துவிடும். விளக்கை அணைத்ததும் கையும் நின்றுவிடும். இதைப் பயன்படுத்த விரும்பினால் ஒரு வரிக்கு இரண்டு முறை மட்டும் விளக்குடன் வாசியுங்கள். மூன்றாவது முறை விளக்கு இல்லாமல் வாசியுங்கள்.

மூன்றாவது, டிரான்ஸ்போஸ். ஐந்தரைக் கட்டையில் பாடும் ஒருவருக்கு வாசிக்க வேண்டும் என்றால், டிரான்ஸ்போஸை மைனஸ் 4 என்று வைத்துவிட்டு சி-யிலேயே வாசிக்கலாம். ஒலி ஜி ஷார்ப்பில் வரும். மேடையில் இது பெரிய வசதி. ஆனால் சி-யைத் தவிர வேறெதிலும் வாசிக்கத் தெரியாதவர், டிரான்ஸ்போஸ் பட்டன் இல்லாத பியானோ முன் உட்கார்ந்தால் என்ன செய்வார்? மாதம் ஒரு புதிய சுருதியில் அதே பாட்டை வாசிக்கப் பழகுங்கள். ஓராண்டில் பன்னிரண்டும் முடிந்துவிடும்.

மிடி என்றால் என்ன?

கீ போர்டையும் கம்ப்யூட்டரையும் பேச வைக்கும் மொழிக்கு மிடி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் கருவியும் அதே நிறுவனத்தின் மற்றொரு கருவியோடு மட்டுமே இணையும் நிலை இருந்தது. இதை மாற்ற அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தை நிறுவிய இகுதாரோ ககேஹாஷி ஆகியோர் முன்னின்று ஒரு பொது முறையை உருவாக்கினர். 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடைபெற்ற நாம் இசைக்கருவிக் கண்காட்சியில், ஸ்மித்தின் புரோபெட் 600, ரோலண்டின் ஜூபிடர் 6 ஆகிய இரு வேறு நிறுவனக் கருவிகள் இந்த முறையில் இணைத்துக் காட்டப்பட்டன. இதற்காக இருவருக்கும் 2013ல் டெக்னிகல் கிராமி விருது வழங்கப்பட்டது. 2020ல் மிடி 2.0 வந்துவிட்டது. என்றாலும் 1983ல் வந்த முறையில் பேசும் கருவிகள் இன்றும் வேலை செய்கின்றன. கம்ப்யூட்டர் உலகில் இத்தனை ஆண்டு நிலைத்து நிற்கும் தொழில்நுட்பங்கள் குறைவு.

மிடி கேபிளில் ஒலி செல்வதில்லை. எண்கள்தான் செல்கின்றன. நடு சி-யை நீங்கள் அழுத்தினால் 144, 60, 100 என்பது போல மூன்று எண்கள் போகும். 144 என்பது முதல் சேனலில் ஒரு ஸ்வரம் தொடங்குகிறது என்ற தகவல். 60 என்பது நடு சி-யின் எண். 100 என்பது எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்பது. இது 127 வரை போகலாம். கையை எடுத்ததும் முடிந்துவிட்டது என்று இன்னொரு தகவல் போகும். அவ்வளவுதான்.

எண்கள் மட்டும் என்பதால் பைல் மிகச் சிறியதாக இருக்கும். சிடி தரத்தில் ஒலியைப் பதிந்தால் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 10 எம்பி இடம் வேண்டும். நான்கு நிமிடப் பாட்டின் மிடி பைல் பெரும்பாலும் 100 கேபி-க்குள் அடங்கிவிடும். 1991ல் வந்த ஜெனரல் மிடி என்ற வரையறை, எந்த எண்ணுக்கு எந்த வாய்ஸ் என்பதையும் பொதுவாக்கியது. 1 என்றால் பியானோ, 41 வயலின், 74 புல்லாங்குழல். நம் நாட்டுக் கருவிகளுக்கும் அதில் இடம் உண்டு. 105 சிதார், 112 ஷெனாய்.

கம்ப்யூட்டருடன் இணைக்க

உங்கள் கீ போர்டின் பின்புறம் பாருங்கள். டு ஹோஸ்ட் என்றோ யு.எஸ்.பி. என்றோ குறித்த சதுர வடிவ போர்ட் இருந்தால், வீட்டில் உள்ள பிரிண்டர் கேபிளே இதற்குப் பொருந்தும். கேபிளைச் செருகி இரண்டையும் ஆன் செய்தால் போதும். பெரும்பாலான புதிய மாடல்களுக்கு டிரைவர் எதுவும் இன்ஸ்டால் செய்யத் தேவை இருக்காது. டு டிவைஸ் என்று குறித்திருந்தால் அது பென் டிரைவுக்கானது. கம்ப்யூட்டரை அதில் இணைக்கக் கூடாது.

பழைய மாடல்களில் ஐந்து துளைகள் கொண்ட வட்டமான மிடி சாக்கெட்டுகள் இருக்கும். இதற்கு யு.எஸ்.பி. மிடி கேபிள் தனியாக வாங்க வேண்டும். இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. கேபிளில் இன் என்று எழுதியிருக்கும் பிளக்கைக் கீ போர்டில் அவுட் என்று எழுதியிருக்கும் சாக்கெட்டில் செருக வேண்டும். கீ போர்டிலிருந்து வெளியே வருவதுதானே கம்ப்யூட்டருக்கு உள்ளே செல்கிறது!

இணைத்த பின் ஒவ்வொரு ஸ்வரமும் இரண்டு முறை கேட்டால் பயப்பட வேண்டாம். கீ போர்டும் ஒலிக்கிறது, கம்ப்யூட்டரும் ஒலிக்கிறது. கம்ப்யூட்டர் ஒலி வேண்டும் என்றால் கீ போர்டின் மெனுவில் லோக்கல் கன்ட்ரோல் என்பதை ஆப் செய்துவிடலாம். பின்னர் கேபிளைக் கழற்றியதும் கீ போர்டு ஊமையாகிவிட்டது என்று கடைக்குத் தூக்கிச் செல்ல வேண்டாம். அதே இடத்தில் ஆன் செய்திடவும்.

தாமதம் ஏன் வருகிறது?

கட்டையை அழுத்தியதும் கம்ப்யூட்டரிலிருந்து ஒலி சற்றுத் தாமதமாக வருவதை லேட்டன்சி என்பார்கள். சவுண்ட் கார்டு ஒலியைச் சிறு சிறு தொகுப்புகளாகச் சேர்த்து அனுப்புவதே இதற்குக் காரணம். இந்தத் தொகுப்பின் அளவு பபர். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்ற கணக்கில், 512 என்ற பபர் அளவுக்கு சுமார் 12 மில்லி செகண்ட் ஆகும். 128 என்று குறைத்தால் 3 மில்லி செகண்ட். இது குறையக் குறைய கம்ப்யூட்டருக்கு வேலை கூடும். மிகவும் குறைத்தால் ஒலியில் வெடிப்புச் சத்தம் வரும். 10 மில்லி செகண்ட் என்பது நீங்கள் ஸ்பீக்கரிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி அமர்ந்து கேட்பது போன்றது. அதை விரல் பொறுத்துக் கொள்ளும். அதைவிடப் பல மடங்கு தாமதமானால் வாசிக்கவே முடியாது. புளூடூத் ஹெட்போனில் இந்தத் தொல்லை அதிகம் என்பதால் பயிற்சிக்கு ஒயர் உள்ள ஹெட்போனையே பயன்படுத்தவும்.

விண்டோஸில் இந்தத் தாமதத்தைக் குறைக்க அசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவர் கிடைக்கிறது. இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. ஒலியைக் கீ போர்டின் ஸ்பீக்கரிலேயே கேளுங்கள். கம்ப்யூட்டரின் ஒலியைக் குறைத்துவிட்டு, ஸ்வரங்களைப் பதிவு செய்ய மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கண்ணாடி போல் காட்டும் திரை

கம்ப்யூட்டரை இணைப்பதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. எல்எம்எம்எஸ் என்ற இலவச சாப்ட்வேரை டவுண்லோட் செய்து இன்ஸ்டால் செய்திடவும். இதில் பியானோ ரோல் என்ற விண்டோ உள்ளது. இடது ஓரத்தில் செங்குத்தாகக் கட்டைகள் இருக்கும். வலப்புறம் கட்டம் கட்டமாகத் தாள அளவுகள் இருக்கும். செட்டிங்ஸில் மிடி பிரிவைத் தேர்ந்தெடுத்து, டிராக்கின் மிடி இன்புட்டாக உங்கள் கீ போர்டைக் குறிப்பிடவும். மெட்ரோனோமை 60ல் வைத்து ரெகார்ட் பட்டனைத் தட்டி ஒரு சரளி வரிசையை வாசியுங்கள். நீங்கள் வாசித்த ஒவ்வொரு ஸ்வரமும் ஒரு சிறிய பட்டையாகத் திரையில் விழும்.

இப்போது பாருங்கள். பட்டைகள் கட்டத்தின் கோட்டில் சரியாகத் தொடங்குகின்றனவா? கட்டை விரலை உள்ளே நுழைக்கும் நான்காவது ஸ்வரம் ஒவ்வொரு முறையும் தாமதமாக வருகிறதா? மோதிர விரல் வாசித்த ஸ்வரத்தின் பலம் மற்றவற்றைவிடக் குறைகிறதா? ஒரு ஸ்வரம் முடியும் முன் அடுத்தது தொடங்குகிறதா, நடுவே இடைவெளி விழுகிறதா? வாசிக்கும்போது நம் காது நமக்குச் சாதகமாகவே தீர்ப்பு சொல்லும். திரை அப்படிச் சொல்லாது. வாரம் ஒருமுறை ஒரே பாடத்தைப் பதிந்து தேதியுடன் சேவ் செய்து வைத்தால், முன்னேற்றம் எவ்வளவு என்பது யாரும் சொல்லாமலே தெரியும்.

இதே சாப்ட்வேர்களில் குவான்டைஸ் என்று ஒரு வசதி உண்டு. முன்னும் பின்னுமாக விழுந்த பட்டைகளை எல்லாம் ஒரே கிளிக்கில் கோட்டுக்கு இழுத்து வைத்துவிடும். பாடல் தயாரிப்பவர்களுக்கு இது வேண்டும். கற்பவர் பக்கம் இது வரவே கூடாது. விடைத்தாளைத் திருத்துவதற்குப் பதிலாக விடையையே மாற்றி எழுதுவது போன்றது அது.

மிடி பைல்களை எடுத்து வந்தும் பழகலாம். மிடியில் உள்ளது எண்கள் என்பதால், வேகத்தைப் பாதியாகக் குறைத்தாலும் சுருதி மாறாது. மிடி பைல்களை இயக்கும் பெரும்பாலான சாப்ட்வேர்களில் ஒரு டிராக்கை மட்டும் மியூட் செய்திட முடியும். மெல்லிசை டிராக்கை மியூட் செய்துவிட்டு அதை நீங்கள் வாசிக்கலாம். 100 என்ற வேகத்தில் உள்ள பாட்டை முதலில் 50ல் தொடங்கி, மூன்று முறை தவறில்லாமல் வாசித்தால் மட்டும் 5 கூட்டவும். நோட்டேஷன் படிக்க விரும்புபவர்களுக்கு மியூஸ்ஸ்கோர் இலவசமாகக் கிடைக்கிறது.

கமகம் வருமா?

கர்நாடக இசை கற்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. கீ போர்டில் ஒரு ஸ்தாயி பன்னிரண்டு சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இரண்டு கட்டைகளுக்கு நடுவே வழுக்கிச் செல்ல கட்டையில் வழி இல்லை. இதற்கு உதவுவது இடது ஓரத்தில் உள்ள பிட்ச் பெண்ட் வீல். மிடியில் இதற்கு 16,384 படிகள் ஒதுக்கப்பட்டிருப்பதால் வழுக்கல் மென்மையாகவே இருக்கும். பொதுவாக இது மேலும் கீழும் இரண்டு கட்டைத் தொலைவு வரை வளைக்கும் வகையில் அமைக்கப்பட்டிருக்கும். பல மாடல்களில் மெனு மூலம் மாற்றலாம். வலது கை ஸ்வரத்தை வைக்க, இடது கை வீலை அசைக்க வேண்டும். இந்தக் கருவியில் முழுக் கச்சேரியே செய்ய முடியும் என்பதற்குக் கீ போர்டு கலைஞர் கே. சத்யநாராயணன் சாட்சி. ஆனால் கமகம் எப்படி இருக்க வேண்டும் என்பது வீலுக்குத் தெரியாது. முதலில் பாடத் தெரிய வேண்டும். பாடும் ஆசிரியரிடம் கற்ற பிறகு வீலைத் தொடுவதே நல்லது. கர்நாடக இசைக்காக வாங்குபவர்கள் கடையிலேயே வீல் உள்ளதா என்று பார்த்து வாங்கவும். குறைந்த விலை மாடல்கள் பலவற்றில் இது இருக்காது.

பராமரிப்பு

அடாப்டரை மாற்றும்போது கவனம் தேவை. வோல்ட் மட்டும் ஒத்திருந்தால் போதாது. பிளக்கின் நடுமுனை பாசிடிவா நெகடிவா என்பது கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். கீ போர்டின் ஜாக் அருகிலும் அடாப்டரின் மேலும் உள்ள படத்தை ஒப்பிட்டுப் பார்க்கவும். பயன்படுத்தாத நாட்களில் துணி போட்டு மூடி வைக்கவும். கட்டையின் அடியில் உள்ள ரப்பர் சுவிட்சுகளில் தூசு படிந்தால் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்காமலோ, தொட்டதும் முழு பலத்தில் அலறவோ செய்யும். மாதக் கணக்கில் பெட்டிக்குள் வைப்பதானால் பேட்டரிகளைக் கழற்றிவிட வேண்டும். இல்லையெனில் அவை கசிந்து உள்ளே அரித்துவிடும்.

மூன்று மாதத்தில் ஒரு சோதனை

தினமும் 20 நிமிடம் போதும். ஞாயிறு அன்று மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட இது நல்லது. முதல் 5 நிமிடம் விரல் வரிசை. அடுத்த 10 நிமிடம் புதிய பாடம், ஒவ்வொரு கையாகத் தனித்தனியே. கடைசி 5 நிமிடம் பிடித்த பாட்டு. இந்தக் கடைசி 5 நிமிடத்தில் எந்த பட்டனையும் போட்டுக் கொள்ளலாம். குழந்தை மறுநாளும் வந்து உட்காருவதற்குக் காரணம் அதுதான்.

மூன்று மாதம் கழித்து இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். ஸ்டைல் ஆப், விளக்கு ஆப், டிரான்ஸ்போஸ் பூஜ்யம், வாய்ஸ் வெறும் பியானோ. கண்ணை மூடிக் கொண்டு, கறுப்புக் கட்டைகளைத் தடவி, நடு சி-யைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்னர் ஒரே ஒரு பாட்டை, மெதுவாகவேனும் நிற்காமல், இரண்டு கைகளாலும் முடிக்க வேண்டும். பெரிய கச்சேரி போல இருக்காது. ஆனால் அதில் வரும் ஒவ்வொரு ஒலியும் வாசித்தவருடையது. அந்த ஒரு பாட்டு கைக்கு வந்துவிட்டால், கீ போர்டு மீண்டும் பீரோ மேல் ஏறாது.